ஆடுவோரும் ஆசிரியரும்: வாகனோவாவின் பாலே பயிற்சி நெறி பற்றிய ஒரு மதிப்பீடு

ஓவியம், சிற்பம், இலக்கியம் முதலான கலைகளிலே படைத்தவர் மறைந்த பின்னரும் படைப்பு எஞ்சி நிற்கிறது. நடனத்தின் நிலை வேறு. அங்கு ஆடுவோரின் உடலே கருவி, அவ்வுடலே படைப்புமாகும். உடல் தளரத் தொடங்கும்போது கலையும் மறையத் தொடங்குகிறது. திரைப்படம் தோன்றிய பின்னரும் இந்நிலை அடிப்படையில் மாறிற்றெனக் கூறமுடியாது. ஓர் அசைவு எவ்வாறு தோன்றிற்று என்பதைப் படம் காட்டும். அது எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பதைக் காட்டாது. அதனை அறிந்தவர் ஆடியவரே. அவர் தம் அறிவைப் பிறிதோர் உடலுக்கு மாற்ற வல்லவராயின் கலை தொடரும். அல்லவெனின் அவரோடு முடிந்துவிடும். எனவே, நடனத்தைப் பொறுத்தவரை பயிற்றுதல் என்பது கலைக்குப் புறம்பானதொரு துணைத்தொழிலன்று. அக்கலையின் இருப்பே அதனில் தங்கியுள்ளது.

இவ்வுண்மை ஐரோப்பியச் செந்நெறி நடனமாகிய பாலேயிலே மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. ஏறத்தாழப் பத்து வயதிற் பயிற்சி தொடங்குகிறது. பதினெட்டு வயதளவிற் கலைஞர் நடனக் குழுவிற் சேர்கிறார். நாற்பதை அண்மித்ததும் மேடையை விட்டு நீங்குகிறார். பாரிஸ் ஒப்பராவில் ஓய்வு வயது 42 என விதிக்கப்பட்டுள்ளது. பிற தொழில்களில் மனிதர் முதிர்ச்சி எய்தும் பருவத்திலே பாலே கலைஞரின் தொழில்வாழ்வு முடிந்துவிடுகிறது. அதன் பின்னர் அவருட் பலர் ஆசிரியராகின்றனர். இதனாலேயே, ஆசிரியத் தொழில் மேடையை இழந்தோரின் புகலிடம் என்றும், சிறப்பாக ஆட இயலாதவரே சிறப்பாகக் கற்பிப்பர் என்றும் ஒரு கருத்து நிலவிவருகிறது. இக்கருத்துக்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுபவர் ருஷ்ய நாட்டு அக்ரிப்பினா வாகனோவா (1879 - 1951). அச்சான்று எவ்வளவுக்குப் பொருந்தும், அவர் வகுத்த நெறியின் வலிமை யாது, அதன் எல்லை யாது என்பன ஆராயத்தக்கன.

1

வாகனோவாவின் நெறி ஒருவரது தனிச் சிந்தனையில் திடீரெனத் தோன்றியதன்று. அவர் பயின்ற பள்ளி 1738 இல், பேரரசி அன்னாவின் ஆணைப்படி, பிரெஞ்சு நடன ஆசிரியரான லான்டே என்பவரின் பொறுப்பிற் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் 12 சிறுவரும் 12 சிறுமியரும் அதிற் பயின்றனர். பாலே ருஷ்யாவிற் பிறந்த கலையன்று. அரசவையின் தேவைக்காக இறக்குமதி செய்யப்பட்டது. அங்ஙனம் வந்த கலை அம்மண்ணில் வேரூன்றியமைக்கு நிகழ்ச்சிகளினும் பார்க்கப் பள்ளியே காரணமாயிற்று. அரச செலவில் உணவும் உறையுளும் கல்வியும் பெற்ற பிள்ளைகள், படிப்பு முடிந்ததும் பேரரச அரங்குகளின் ஊழியராகினர். உரிய காலம் ஊழியம் புரிந்தபின் ஓய்வூதியம் பெற்றனர். பயிற்சி, தொழில், முதுமை ஆகிய மூன்றும் ஒரே அமைப்பினுள் அடங்கியிருந்தமை குறிப்பிடத்தக்கது.

அப்பள்ளியிலே இரு பேரோட்டங்கள் வந்து கலந்தன. ஒன்று பிரெஞ்சு மரபு. டென்மார்க்கின் ஓகஸ்ட் பூர்னோன்வில் பாரிசிலே வெஸ்திரிசிடம் பயின்றவர். அவருடைய மாணவரான சுவீடன் நாட்டுக் கிறிஸ்ரியன் யொஹான்சன் 1841 இற் சென் பீற்றர்ஸ்பேர்க்குக்கு வந்து, நீண்ட காலம் அங்கு ஆடியும் கற்பித்தும் 1903 இல் மறைந்தார். மென்மையும் ஒழுங்கும் இம்மரபின் இயல்புகள். மற்றையது இத்தாலிய மரபு. பியெரினா லெஞானி 1895 ஆம் ஆண்டு ‘அன்னப் பொய்கை’ பாலேயில் ஒற்றைக்காலில் நின்று தொடர்ச்சியாக 32 ஃபுவெத்தே சுழற்சிகளை நிகழ்த்தியபோது, ருஷ்யக் கலைஞர்கள் தம் பயிற்சியில் இல்லாத ஒரு வலிமையை எதிரே கண்டனர். 1892 முதல் 1902 வரை அப்பள்ளியிற் கற்பித்த என்றிக்கோ செக்கெத்தி அவ்வலிமையின் இரகசியங்களை அவர்களுக்கு உணர்த்தினார். வாகனோவா வளர்ந்த சூழல் இவ்விரு மரபுகளும் மோதிய சூழலாகும்.

2

மரின்ஸ்கி அரங்கிலே பார்வையாளரை இருக்கைக்கு இட்டுச் செல்லும் ஊழியர் ஒருவரின் மகளாகப் பிறந்த வாகனோவா 1897 இற் படிப்பை முடித்து அவ்வரங்கின் நடனக் குழுவிற் சேர்ந்தார். அவருக்கு இரு ஆண்டுகள் பின்னர் அதே பள்ளியிலிருந்து வெளிவந்தவர் அன்னா பவ்லோவா. பவ்லோவாவுக்கு இயல்பாய் வாய்த்த ஒயிலும் கவர்ச்சியும் வாகனோவாவுக்கு வாய்க்கவில்லை. மூத்த நடன அமைப்பாளரான மரியுஸ் பெத்திப்பா அவரது ஆட்டத்தை விரும்பவில்லை. பாத்திரத்தின் உணர்வைவிடத் துள்ளலின் உயரமும் அசைவின் துல்லியமுமே அவரது வலிமைகளாயிருந்தன. குறுந்தனியாட்டங்களில் அவர் காட்டிய திறனால் ‘தனியாட்டங்களின் அரசி’ என்ற பட்டப் பெயர் அவருக்குக் கிடைத்தது. ஆயினும், பலரீனா என்னும் உயர்நிலை 1915 இலேயே அவரை வந்தடைந்தது. மறு ஆண்டே அவர் மேடையை விட்டு ஓய்வு பெற்றார்.

இவ்வரலாற்றைத் தோல்வியின் வரலாறாகக் கொள்வோர் ஒன்றைக் கவனிக்கத் தவறுகின்றனர். ‘அன்னப் பொய்கை’யின் தலைமைப் பாத்திரம் வரை உயர்ந்த ஒருவரை ஆட இயலாதவர் எனக் கூறுதல் பொருந்தாது. அவருக்கு இயலாதிருந்தது ஆடுதலன்று, எளிதாக ஆடுதலே. யொஹான்சன், ஏகத்தரினா வாசெம், பாவெல் கெர்ட், நிக்கொலாய் லெகாட் முதலிய ஆசிரியர்களின் வகுப்புகளில் அவர் ஓர் அசைவு ஏன் வரவில்லை என்ற கேள்வியோடு உழன்றார். பின்னர், இத்தாலிய முறையை நன்கு உட்கொண்டிருந்த ஒல்கா பிரெயொப்ரஜென்ஸ்காவின் துணையை நாடினார். இயற்கையாக ஆடுவோர் எண்ணிப் பாராத தசைகளையும் மூட்டுகளையும் அவர் எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. தடையே ஆய்வுக்கு வித்தாயிற்று எனலாம்.

எனினும் இதனை ஒரு பொதுவிதியாக்குதலும் தவறாகும். பிரெயொப்ரஜென்ஸ்கா புகழ்மிக்க நடனக் கலைஞர். பாரிசிற் குடியேறிய பின்னர் அவர் தமாரா துமனோவா, இரினா பரோனோவா போன்றோரை உருவாக்கினார். மறுபுறம், மேடையிலே பெரும்புகழ் எய்தாத அலெக்சாந்தர் புஷ்கின் (1907 - 1970) லெனின்கிராட் பள்ளியின் ஆடவர் வகுப்பிலே ருடோல்ப் நூரியேவையும் மிக்காயில் பரிஷ்னிக்கோவையும் வளர்த்தெடுத்தார். ஆகவே, மேடைப் புகழ் நல்லாசிரியரை உருவாக்குவதுமில்லை; அதற்குத் தடையாவதுமில்லை. உடலறிவைப் பிறர்க்கு விளங்கும் அறிவாக மாற்றும் ஆற்றலே இங்கு வேண்டப்படுவது. அது ஆடுதலினின்றும் வேறானதொரு திறன். ஆடுதலின்றிப் பெறமுடியாததொரு திறனுமாகும்.

3

1917 புரட்சியை அடுத்த பஞ்ச காலத்திலே, கணவரை இழந்து, மகனைக் காக்கவேண்டிய பொறுப்புடன் வாகனோவா ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். விமரிசகர் அக்கிம் வொலின்ஸ்கி நடத்திய பள்ளியிற் சிறிது காலம் கற்பித்தபின், 1921 முதல் தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியரானார். 1925 இல் மரினா செம்யோனோவாவும் 1928 இற் கலினா உலானோவாவும் அவர் வகுப்பிலிருந்து வெளிவந்தனர். இவ்வனுபவத்தின் பயனாக 1934 இல் ‘செந்நெறி நடனத்தின் அடிப்படைகள்’ என்னும் நூல் வெளியாயிற்று. 1946 இல் ஆங்கிலத்தில் வந்தது முதல், பாலே பயிற்சி பற்றிய நூல்களுள் மிகப் பரவலாகப் பயன்படுவனவற்றில் ஒன்றாக அது விளங்கிவருகிறது.

நூலின் தனிச்சிறப்பு அதன் விளக்க முறையில் உள்ளது. பாலேயின் அடிப்படை நிலையாகிய கால்களை வெளிநோக்கித் திருப்பி நிறுத்தலை எடுத்துக்கொள்வோம். அரசவை நாகரிகத்தின் எச்சமாகவே அது பலராற் கருதப்பட்டது. வாகனோவா அதற்கு உடலமைப்பியல் சார்ந்த காரணம் காட்டுகிறார். இயல்பான நிலையிலே காலைப் பக்கவாட்டில் உயர்த்தினால், தொடையென்பின் மேற்புடைப்பு இடுப்புக் குழியின் விளிம்பிலே தடைப்படுகிறது. கால் வெளிநோக்கித் திருப்பப்படின் அப்புடைப்பு பின்னே விலக, கால் தடையின்றி உயர்கிறது. மரபென்று ஏற்கப்பட்டிருந்த ஒன்று இவ்வாறு காரணத்தோடு நிறுவப்படுகிறது.

நுனிவிரலில் எழுதல் பற்றிய பகுதியிலும் இதே போக்கைக் காணலாம். பாதத்தை மெல்ல உருட்டி எழும் முறையைவிட, சிறு துள்ளலோடு எழும் இத்தாலிய முறையையே அவர் விரும்புகிறார். அது பாதத்தைப் பிற்காலத் துள்ளல்களுக்கும் ஆயத்தப்படுத்துமாதலின். ஆனால் இத்தாலிய மரபின் கூரிய, வளைந்தொடுங்கிய தாவல்களை அவர் ஏற்கவில்லை. பிரெஞ்சு மரபின் மென்மையை ஏற்றபோதும் அதன் செயற்கையான அலங்காரத்தை மறுத்தார். கைகள் காண்போரைக் கவரும் அணி மட்டுமல்ல, சுழற்சிக்கும் துள்ளலுக்கும் விசை தரும் உறுப்புகள் என்பதும், உடலின் உறுதி முதுகிலிருந்தே தொடங்குகின்றது என்பதும் அவர் வலியுறுத்திய கோட்பாடுகள். கால், கை, தலை, முதுகு ஆகியன தனித்தனியே பழக்கப்படாது ஒருங்கே இயங்கப் பழக்கப்பட வேண்டும் என்பதே நூலின் மையக் கருத்து எனக் கூறலாம்.

இவ்விடத்துச் செக்கெத்தியின் முறையோடு ஒப்பிடுதல் பயன்தரும். செக்கெத்தி கிழமையின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாடத்தை நிலையாக வகுத்தவர். மரபைப் பிழையின்றிக் காத்தற்கு அது ஏற்றது; சாதாரண ஆசிரியரும் அதனைப் பின்பற்றலாம். வாகனோவாவோ பாடங்களை மாற்றியமைத்துக்கொண்டே இருந்தார். பழகிய வரிசையை உடல் மனமின்றியே செய்துவிடும் என்பது அவர் நோக்கு. ஓர் அசைவு ஏன் பிழைத்தது என்பதை மாணவி தானே சொல்ல வல்லவளாயிருக்க வேண்டும் என அவர் எதிர்பார்த்தார். பார்த்துச் செய்தல் என்ற நிலையிலிருந்து அறிந்து செய்தல் என்ற நிலைக்குப் பயிற்சி உயர்ந்தது. அதே வேளை, பாடத்தின் தரம் முழுவதும் ஆசிரியரின் தரத்திலே தங்கலாயிற்று. இது இந்நெறியின் வலிமையுமாகும், வலுவின்மையுமாகும்.

4

வாகனோவாவின் நூலை அது தோன்றிய காலத்தினின்றும் பிரித்து நோக்குதல் முழுமையான மதிப்பீடாகாது. புரட்சியின் பின்னர், பாலே அரசவையினரின் கேளிக்கை, உழைக்கும் மக்களுக்கு அதனாற் பயனில்லை என்ற கண்டனம் வலுவாக எழுந்தது. கல்வித்துறை மக்கள் ஆணையாளரான லுனச்சார்ஸ்கி பழைய அரங்குகளைக் காக்க முனைந்தாரெனினும், செந்நெறிப் பயிற்சி வேண்டுமா என்ற வினா 1920களில் உயிர்ப்புடனேயே இருந்தது. இந்நிலையிலே பாலேயை அரச பரம்பரையின் சொத்தாகவன்றி, காரண காரியத்தோடு கற்பிக்கத்தக்க உடற்கல்வியாகவும் உழைப்பாகவும் எடுத்துக்காட்டியமை அக்கலைக்குப் புதியதோர் உரிமைப்பத்திரத்தை வழங்கிற்று. அரங்க ஊழியரின் மகளொருத்தி பேரரசின் கலையைச் சோவியத் அரசின் கலையாக மாற்றியமைத்தாள் என்பதில் வரலாற்றுப் பொருத்தம் உண்டு. எனினும், அந்த அரசின் ஆதரவு நிலையானதாயிருக்கவில்லை. 1931 முதல் லெனின்கிராட் நடனக் குழுவின் கலை இயக்குநராயிருந்து ‘அன்னப் பொய்கை’ (1933), ‘எஸ்மெரால்டா’ (1935) ஆகியவற்றைப் புதிதாக அமைத்த அவர் 1937 இல் அப்பதவியை இழந்தார். இயக்குநர் பதவி போயிற்று, வகுப்பறை எஞ்சிற்று. அவரது உண்மையான சாதனை அதற்குள்ளேயே நிகழ்ந்தது.

ஒரே முறையிற் பயின்றோர் ஒரே வார்ப்பாகிவிடுவர் என்ற ஐயம் எழுதல் இயல்பு. வாகனோவாவின் மாணவிகளே இதற்கு விடை. செம்யோனோவாவின் ஆட்டம் விரிவும் வீறும் கொண்டது. உலானோவாவின் ஆட்டம் அடக்கமும் அகநோக்கும் கொண்டது. நத்தாலியா டுடின்ஸ்காயா (1931) வேகத்தாலும் சுழற்சியாலும் சிறந்தார்; இறுதி வகுப்பிற் பயின்று 1951 இல் வெளிவந்த இரினா கொல்பக்கோவா தூய்மையாற் சிறந்தார். பொது இலக்கணம் தனித்தன்மையை அழிக்கவில்லை. தனித்தன்மை வெளிப்படுதற்கு வேண்டிய உறுதியை வழங்கிற்று. மறுபுறத்தில், குழு நடனத்தின் ஒருமைக்கும் அதே இலக்கணம் உதவிற்று. பெத்திப்பாவின் ‘லா பயதேர்’ (1877) பாலேயில் நிழலுருவங்கள் ஒவ்வொருவராகச் சரிவிலே இறங்கி, ஒரே அரபெஸ்க் நிலையை மீண்டும் மீண்டும் காட்டும் காட்சி, அத்தனை பேரும் ஒரே பள்ளியில் வளர்ந்தாலன்றி முழுமை பெறாது. பெயர் அறியப்படாத அக்கலைஞர்களும் அந்நெறியின் விளைவே என்பதைப் பாலே பற்றி எழுதுவோர் போதியளவு நினைவுகூர்வதில்லை.

இந்நெறி அடுத்தடுத்த தலைமுறைக்கும் கைமாறிற்று. உலானோவா 1960 இல் மேடையை விட்டபின் மொஸ்கோ பொல்ஷோய் அரங்கிலே பயிற்றுநராகி எக்கத்தரினா மக்சிமோவா முதலியோரை வழிநடத்தினார். செம்யோனோவா தொண்ணூறு வயதைக் கடந்தும் அங்கு கற்பித்தார். கொல்பக்கோவா பின்னர் நியூயோர்க்கிற் பயிற்றுநராகப் பணிபுரிந்தார். 1961 இல் நூரியேவ் பாரிசிலும், 1974 இற் பரிஷ்னிக்கோவ் ரொறன்ரோவிலும் நாடு திரும்ப மறுத்தபோது, அவர்களுடன் புஷ்கினின் வகுப்பறையும் மேற்கே சென்றது. முன்னவர் 1983 முதல் பாரிஸ் ஒப்பராவின் பாலேயையும், பின்னவர் 1980 முதல் அமெரிக்க பாலே அரங்கையும் நெறிப்படுத்தினர்.

5

இவ்வளவு சிறப்புகள் இருப்பினும், வாகனோவாவின் நூல் பேசாது விட்ட விடயங்களும் உள. முதலாவதாக, அது தேர்வு பற்றிப் பேசுவதில்லை. நூலில் வரும் உடல், ஏற்கெனவே பலரிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட உடல். நீண்ட கால்கள், நன்கு திரும்பும் இடுப்பு, வளையும் பாதம் ஆகியன பார்த்துப் பத்து வயதளவிற் சேர்க்கப்பட்ட பிள்ளைக்கே எட்டு ஆண்டுப் பாடத்திட்டம் முழுமையாகப் பொருந்தும். சேர்ந்தோருள்ளும் ஒரு பகுதியினரே இறுதி வகுப்பை அடைவர். விலக்கப்பட்ட பிள்ளைகளின் நிலை பற்றி நெறி எதுவும் கூறுவதில்லை. நாள்தோறும் பயிற்சியும், அரச உதவியும், தொழில் உறுதியும் உள்ள ஓர் அமைப்பில் உருவான முறையை, கிழமைக்கு இரு முறை கட்டணம் செலுத்தி வரும் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டு வாகனோவாவின் பெயரைச் சூட்டுதல், நெறியைக் கைக்கொள்ளுதலாகாது, பெயரைக் கைக்கொள்ளுதலேயாகும். ஆண்டுவாரியான பாடத்திட்டத்தைக் கூட வாகனோவாவின் நூல் தரவில்லை. அவர் மாணவி கொஸ்துரொவித்ஸ்காயா, பிசாரெவுடன் இணைந்து எழுதிய நூல் 1968 இல் வந்தபோதே அக்குறை நீங்கிற்று.

இரண்டாவதாக, உடலின் எல்லை பற்றிய பிரச்சினை உண்டு. வாகனோவா காலத்து ஒளிப்படங்களிலே உயர்த்திய கால் பெரும்பாலும் இடுப்பின் மட்டத்தை ஒட்டி, 90 பாகையளவில் நிற்கக் காணலாம். பின்னைய தலைமுறைகளில், சிறப்பாக உடற்பயிற்சி வித்தையிலிருந்து பாலேக்கு வந்த சில்வி கில்லெம் 1984 இற் பாரிஸ் ஒப்பராவின் முதன்மைக் கலைஞரானது முதல், கால் காதருகே உயர்தல் பொதுவான எதிர்பார்ப்பாகிவிட்டது. கில்லெமிடம் அது கலையறிவோடு இணைந்திருந்தது. மற்றையோரிடம் அளவு மட்டுமே எஞ்சுவதுண்டு. உடலனைத்தும் ஒருங்கியங்க வேண்டும் என்ற வாகனோவாவின் மையக் கோட்பாடு, அவரது பெயரால் நடக்கும் போட்டிகளிலும் வகுப்புகளிலும் கூட, தனியொரு காலின் உயரத்துக்கு இடங்கொடுத்துவிடுகிறது. கோட்பாட்டின் வழி நோக்கின் இது வளர்ச்சியன்று, விலகலேயாகும்.

மூன்றாவது விடயம் இவையிரண்டினும் பாரதூரமானது. பாலே வகுப்பறையில் ஆசிரியரின் அதிகாரம் எல்லையற்றது. பிள்ளையின் உடலே பாடப்பொருளாதலின், கண்டிப்பு எங்கே முடிகிறது, கொடுமை எங்கே தொடங்குகிறது என்பதை வரையறுக்க அம்மரபு முயலவில்லை. 2019 இல் வியன்னா அரச ஒப்பராவின் பாலே பயிலகத்தில் மாணவர் நடத்தப்பட்ட முறை பற்றி எழுந்த குற்றச்சாட்டுகளும், பிள்ளைகளின் நலன் போதியளவு பேணப்படவில்லை எனக் கண்ட விசாரணைக் குழுவின் அறிக்கையும் இதனை உலகுக்குணர்த்தின. காரணம் கூறிக் கற்பிப்பதே வாகனோவா நெறியின் உயிர். காரணம் கேட்கும் உரிமை பெற்ற மாணவரே அந்நெறியின் உண்மையான மாணவர். அச்சத்தினாற் கற்பிக்கும் ஆசிரியர், அவர் எவ்வளவு துல்லியமாகப் பாடத்திட்டத்தைப் பின்பற்றினும், அந்நெறிக்குப் புறம்பானவரே.

தொழில்வாழ்வின் முடிவு பற்றிய வினாவும் இன்னும் தீரவில்லை. பேரரச அரங்கு தன் கலைஞர்க்கு வழங்கிய ஓய்வூதியம் கொடையன்று; குறுகிய தொழில்வாழ்வுக்கான ஈடு. 2019 டிசெம்பரிலே, ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்துப் பாரிஸ் ஒப்பராவின் நடனப் பெண்கள் அரங்கின் வெளிப்படிகளிலே ‘அன்னப் பொய்கை’யின் பகுதியொன்றைக் குளிரில் ஆடிக்காட்டினர். அவர்கள் காக்க முனைந்த ஓய்வூதிய ஏற்பாட்டின் தொடக்கம் 1698 வரை செல்கிறது. மேடையை விட்டவர் அனைவரும் ஆசிரியராக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் கலைஞர்க்கும் நன்றன்று, மாணவர்க்கும் நன்றன்று. கற்பிக்கும் திறன் தனியானதொரு திறன் என்பது உண்மையாயின், அத்திறன் இல்லாத கலைஞர்க்கு வேறு வாழ்வு வழி இருத்தல் வேண்டும். அவ்வழி இல்லாத இடத்து, விருப்பமற்ற ஆசிரியரின் கையில் அடுத்த தலைமுறை ஒப்படைக்கப்படுகிறது.

6

வாகனோவாவின் பள்ளிக்கும் தமிழர் அறிந்த நடன வரலாற்றுக்கும் மெய்யான தொடர்பொன்று உண்டு. அன்னா பவ்லோவாவைச் சந்தித்த ருக்மிணி தேவி, பவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் சிறிது காலம் பாலே பயின்றார். பின்னர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் பயின்று, 1936 இற் கலாக்ஷேத்திராவை நிறுவினார். அங்கு உருவான குழுப் பயிற்சி, வரையறுத்த பாடத்திட்டம், கோடுகளின் துல்லியம் ஆகியவற்றிற் பாலே பள்ளியின் சாயலை ஆய்வாளர் சிலர் கண்டுள்ளனர். அந்நிறுவனத்தினூடாக அச்சாயல் இலங்கை மாணவரையும் எட்டிற்று. பரம்பரை ஆசிரியரிடமிருந்து நிறுவனத்துக்குக் கலை பெயர்ந்தபோது பெற்றவை யாவை, இழந்தவை யாவை என்ற வினா பாலேக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது சான்றாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, வாகனோவா ஆடத் தவறியமையால் ஆசிரியரானவர் என்ற கருத்து நிற்குமாறில்லை. ஆடுதலின் இடர்ப்பாடுகளை அறிவாக மாற்றியமையாலேயே அவர் ஆசிரியரானார். அவரது நூலின் பெருமை அசைவுகளைப் பட்டியலிட்டதில் இல்லை. ஒவ்வோர் அசைவுக்கும் காரணம் உண்டு, அக்காரணம் கற்பவருக்குச் சொல்லப்பட வேண்டும் என்ற கொள்கையிலேயே உள்ளது. தேர்வு, உடல்நலம், ஆசிரியரின் அதிகாரம், முதுமை ஆகியவை பற்றி அவர் காலத்துப் பள்ளி கேளாத வினாக்களையும் அக்கொள்கையே கேட்கத் தூண்டுகிறது. 1957 முதல் அப்பள்ளி வாகனோவாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயரைத் தாங்குதல் எளிது. கற்பவர் ‘ஏன்’ எனக் கேட்கும்போது விடையிறுக்கும் ஆசிரியர் எங்குளரோ, அங்கேயே அந்நெறி வாழ்கிறது.